உம்கேனி முகத்துவாரத்தில் தனியாகப் பறவை எண்ணப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் ஈரநிலத்தின் பறவைக் கணக்கெடுப்பைத் தனி ஆளாக ஏற்றுக்கொண்டால் கைக்கு வருவது இரண்டே பொருள்தான்: இடத்தின் வரைபடமும், பறவைப் பெயர்கள் அச்சடித்த படிவமும். எந்த நேரத்தில் போக வேண்டும், எந்தக் கரையில் நிற்க வேண்டும், எண்ணிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் மொத்தமாக எழும்பினால் என்ன செய்வது, கையிலிருக்கும் போனைப் பிடுங்கிக்கொண்டு போனால் பட்டியல் என்ன ஆகும், இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. முன்பு எண்ணிக்கொண்டிருந்தவர் ஊர் மாறிப் போய்விட்டார், கேட்பதற்கு ஆள் இல்லை. பெட்ரோல், முக்காலி, பறிபோன போன் என்று பத்தாயிரம் ராண்டுக்கு மேல் செலவு. அதைவிட ஒரு கோடைக்காலத்துச் சனிக்கிழமைகள் போனதுதான் இன்னும் மனசில் நிற்கிறது. அந்தப் பட்டியல்களில் பாதியை ஒன்றோடொன்று ஒப்பிடவே வழியில்லை. யாராவது ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். அந்த ஒரு மணி நேரப் பேச்சை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்த வேலைக்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் தன்னார்வலர்கள் செய்யும் கணக்கெடுப்பில் இரண்டு பெரியவை. ஒன்று பறவை வரைபடத் திட்டம், எல்லாரும் சபாப் என்பார்கள். முதல் சுற்று 1987 முதல் 1991 வரை நடந்தது, இரண்டாவது சுற்று 2007 ஜூலையில் தொடங்கி இன்றும் நடக்கிறது. நாட்டை ஐந்து பாகை நிமிடக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பென்டாட் என்று பெயர், ஒவ்வொன்றும் நம் பக்கத்தில் சுமார் 9 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர். உம்கேனி ஆறு டர்பனில் கடலில் சேரும் முகத்துவாரம் 2945_3100 என்ற கட்டத்தில் வருகிறது. கட்டத்தின் வடமேற்கு மூலையின் அட்சரேகை 29 பாகை 45 நிமிடம், தீர்க்கரேகை 31 பாகை, அதுதான் அந்த எண். இதில் எத்தனை பறவை என்று எண்ண வேண்டாம், எந்தெந்த இனம் என்று மட்டும் எழுதினால் போதும். குறைந்தது இரண்டு மணி நேரம், கட்டத்துக்குள் இருக்கிற எல்லா வகை வாழிடத்தையும் தொட்டு, பார்த்த வரிசையிலேயே எழுத வேண்டும். அதற்கு மேலும், முதல் நாளையும் சேர்த்து ஐந்து நாள் வரை அதே பட்டியலில் புதிய இனங்களைச் சேர்க்கலாம்.

மற்றொன்று நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து க்வாக் என்று சொல்வது வழக்கம். 1992 முதல் நடக்கிறது. ஒவ்வொரு நீர்நிலையிலும் ஒவ்வொரு இனத்திலும் எத்தனை பறவை என்று எண்ணியே ஆக வேண்டும். கோடைக்கு ஜனவரி, பிப்ரவரியில் ஒரு முறை, குளிர்காலத்துக்கு ஜூலையில் ஒரு முறை கட்டாயம், நடுவில் எத்தனை முறை வேண்டுமானாலும் எண்ணலாம். இரண்டு திட்டத்தின் தரவும் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஃபிட்ஸ்பேட்ரிக் பறவையியல் நிறுவனத்துக்குப் போகிறது. இரண்டையும் ஒரே நாளில் ஒரே பட்டியலில் செய்யலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஒன்றுக்குக் கட்டம் முழுக்கச் சுற்ற வேண்டும், மற்றொன்றுக்கு நீர்நிலையின் எல்லைக்குள் நின்று எண்ண வேண்டும். சேர்த்துச் செய்தால் சபாப் பட்டியலில் வாழிடங்கள் விடுபடும், க்வாக் படிவத்தில் எல்லைக்கு வெளியே பார்த்தவை நுழைந்துவிடும்.

இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு நம் ஊரே சாட்சி. 2021 ஜூலைக் கலவரத்தில் கோர்னூபியாவில் ஒரு ரசாயனக் கிடங்கு எரிந்து, நஞ்சு உம்ஷ்லாங்கா கழிமுகத்தில் கலந்து மீன்கள் செத்து மிதந்தன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். கழிவுநீர்க் குழாய்களும் நிலையங்களும் உடைந்து, சாக்கடை ஆறுகள் வழியே கடலுக்கு வந்து, கடற்கரைகளை மூடினார்கள். இப்படி ஒன்று நடந்த மறுநாள் எல்லாரும் கேட்பது, இதற்கு முன்னால் இங்கே எவ்வளவு பறவை இருந்தது என்பதைத்தான். வெள்ளத்துக்கு முன்பும் பின்பும் ஒரே முறையில் எண்ணியிருந்தால்தான் அதற்குப் பதில் உண்டு. ஒரு தடவை கடல் நீர் வடிந்திருக்கும் வற்றத்திலும் மறு தடவை அது உயர்ந்திருக்கும் ஏற்றத்திலும் எண்ணிவிட்டால் பறவை குறைந்ததா, தண்ணீர் கூடியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே முதல் பாடம் கடல் ஏற்ற இறக்கம். உம்கேனியில் வற்றத்தின்போது சேற்றுத் திட்டுகள் வெளியே வரும், உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அதில் பரவி மேயும். ஏற்றத்தில் திட்டு மூழ்கும், பறவைகள் மணல்மேட்டில் நெருக்கியடித்து நிற்கும், அல்லது வேறு இடம் போய்விடும். கடற்படையின் நீர்ப்பரப்பு அளவை அலுவலகம் ஆண்டுதோறும் ஏற்ற இறக்க அட்டவணை வெளியிடுகிறது. ஆனால் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே பாதி வேலையை முடித்துவிடும். டர்பனில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஆழ்ந்த வற்றம் காலை ஒன்பதரை, பத்து மணி வாக்கில் வரும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அஷ்டமியை ஒட்டிப் போனால் அதே நேரத்தில் ஏற்றம் நிற்கும், வித்தியாசமும் குறைவு, சேறு சரியாகத் தெரியாது. அதனால் அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி வரும் சனிக்கிழமையைப் பிடியுங்கள், வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள், தண்ணீர் திரும்புவதற்குள் முடித்துவிடுங்கள். அட்டவணை திறந்த கடலுக்கானது. முகத்துவாரத்துக்குள் தண்ணீர் திரும்புவது கொஞ்சம் தாமதமாகும், மணல் அடைத்திருந்தால் இன்னும் தாமதமாகும். ஒரு கம்பை ஓரத்தில் நட்டு, எப்போது திரும்புகிறது என்று ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டால் பிறகு குழப்பமில்லை. மேலே இனாண்டா அணையில் தண்ணீர் திறந்தாலும், முந்தின நாள் மழை கொட்டியிருந்தாலும் வற்றத்திலும் திட்டு மூழ்கியே இருக்கும். அன்று எண்ணுவதானால் எண்ணலாம், ஆனால் நீர்மட்டம் அதிகம் என்று படிவத்தில் எழுதாமல் அனுப்பாதீர்கள்.

அடுத்தது சூரியன். நாம் தெற்கு அரைக்கோளத்தில் இருக்கிறோம், இங்கே வெயில் வடக்குப் பக்கமிருந்து வரும், குளிர்காலத்தில் நன்றாகவே சாய்ந்து வரும். தென்கரையில் இருப்பது ப்ளூ லகூன் என்ற பொழுதுபோக்கிடம். கார் நிறுத்த வசதி, கழிப்பறை, ஆள் நடமாட்டம் எல்லாம் அங்கேதான். ஆனால் அங்கிருந்து வடக்கே பார்த்தால் ஜூலையில் பறவை எல்லாமே கறுப்பு நிழலாகத் தெரியும். காலின் நிறமும் அலகின் நிறமும் தெரியாவிட்டால் உள்ளான்களைப் பிரிக்க முடியாது. வடகரையிலிருந்து வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு பார்த்தால் அதே பறவை பளிச்சென்று தெரியும். காலையில் கடல் பக்கம், அதாவது கிழக்கே பார்ப்பதையும் தவிர்த்துவிடுங்கள். முகத்துவாரத்து மணல்மேட்டைக் கடைசியாக, சூரியன் மேலே ஏறியபிறகு எண்ணுங்கள். கோடையில் இன்னொரு தொல்லை உண்டு. ஒன்பது மணிக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழும்பி, தொலைநோக்கியில் எல்லாம் நெளியும். அப்போது 60 மடங்கு வைத்தால் ஒன்றும் தெரியாது, 25 மடங்குக்கு இறக்கினால் ஓரளவு நிற்கும்.

எண்ணும் முறைதான் முக்கியம், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கழிமுகத்தைப் பாலம், விளக்குக்கம்பம், கால்வாய் வாய் என்று அசையாத அடையாளங்களை வைத்து நான்கைந்து பகுதியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் எண்ணுங்கள். ஒரு பகுதிக்கு வந்ததும் இருகண்ணோக்கியில் முழுவதையும் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், எளிதில் பறந்துவிடக்கூடிய கூட்டத்தை முதலில் எண்ணுங்கள். கூழைக்கடாவும் அரிவாள்மூக்கனும் எங்கேயும் போய்விடாது, ஆலாக்கள் ஒரு நாய் குரைத்தாலே எழும்பிவிடும். பெரிய கூட்டத்தில் முதல் பத்துப் பறவையை ஒன்று ஒன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவை அப்படியே இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போங்கள். 200க்கு மேலிருந்தால் பத்துக்குப் பதில் ஐம்பதை அளவாக வைத்துக்கொள்ளலாம். பெரிய கூட்டத்தைப் புதிதாக எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவார்கள், அதனால் திரும்ப வலமிருந்து இடமாக ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இரண்டும் ரொம்ப விலகினால் மூன்றாவது முறை எண்ணுங்கள். அழுத்த அழுத்த எண் கூடும் கிளிக்கர் ஒன்று கையில் இருந்தால் கண்ணை எடுக்காமல் எண்ணலாம். 

கலப்புக் கூட்டத்தில் இனம் இனமாக எண்ணப் போனால் பாதியில் பறந்துவிடும். முதலில் மொத்தத்தை எண்ணுங்கள். பிறகு கூட்டத்தின் ஐந்து வெவ்வேறு இடங்களில் இருபது இருபதாக எடுத்து இனம் பிரியுங்கள். மொத்தம் 360 என்று வைத்துக்கொள்வோம். பார்த்த 100இல் 70 வளைமூக்கு உள்ளான், 25 கொசு உள்ளான், 5 உப்புக்கொத்தி என்றால் கணக்கு 252, 90, 18. ஐந்து இடத்தையும் ஓரத்திலிருந்தே எடுக்கக் கூடாது. கொசு உள்ளான்கள் ஓரமாக ஈரச் சேற்றில் ஓடிக்கொண்டிருக்கும், வளைமூக்கு உள்ளான்கள் வயிறு நனையும் தண்ணீரில் நிற்கும், ஒரே பக்கம் பார்த்தால் விகிதமே மாறிப்போகும். பறக்கிறவற்றுக்கும் ஒரு விதி வேண்டும். எண்ணி முடித்த பகுதியிலிருந்து எண்ணாத பகுதிக்குப் பறந்து போனால் அந்த எண்ணிக்கையை ஓரத்தில் எழுதிவைத்து, அங்கே எண்ணும்போது கழித்துவிடுங்கள். எண்ணாத பகுதியிலிருந்து உங்களைத் தாண்டிப் பின்னால் போனால் அப்போதே சேர்த்துவிடுங்கள். இதை அன்றன்றைக்கு ஒரு மாதிரி செய்தால் ஒரே கூழைக்கடா மூன்றாகிவிடும்.

மணல்மேட்டில் ஆலாக்கள் காற்றை நோக்கி ஒரே திசையில் உட்கார்ந்திருக்கும். உடம்பை எண்ணினால் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும், அதனால் தலையை எண்ணுங்கள், இனத்தை அலகில் பாருங்கள். பெரிய கொண்டை ஆலாவுக்கு அலகு வெளிர் மஞ்சள். சாண்ட்விச் ஆலாவுக்குக் கறுப்பு அலகு, நுனியில் மட்டும் மஞ்சள். மஞ்சளில் தோய்த்து எடுத்த குச்சி மாதிரி அந்த நுனி தனியாகத் தெரியும். செங்கல் சிவப்பில் தடித்த அலகு என்றால் காஸ்பியன் ஆலா, அது எப்போதும் ஒன்றிரண்டுதான். உள்ளான்களில் பச்சைக்காலிக்கு அலகு தடித்துச் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும், சதுப்பு உள்ளானுக்கு ஊசி மாதிரி நேராக இருக்கும். சாதா உள்ளானுக்கு இறக்கை மடிப்புக்கு முன்னால் வெள்ளை வெட்டு ஒன்று தோளை நோக்கி ஏறும், வால் ஆடிக்கொண்டே இருக்கும். கோடியக்கரையில் வலசைப் பறவை பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் பல முகங்கள் தெரிந்தவையே. பிரிக்க முடியவில்லையா, இனம் தெரியாத சிறு உள்ளான் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். ஊகித்து ஒரு பெயரைப் போடுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஒன்றுமே இல்லாத நாளிலும் படிவம் அனுப்ப வேண்டும். பறவை இல்லை என்பதும் ஒரு தகவல்தான், அதை அனுப்பாமல் விட்டால் அந்த ஆண்டு எண்ணவே இல்லை என்று பதிவாகும்.

குளிர்காலத்தில் உள்ளான்கள் பெரும்பாலும் வடக்கே போய்விடும், வளராத இளம் பறவைகள் சில தங்கும். அதனால் ஜூலை எண்ணிக்கை வீண் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. பீச்வுட் அலையாத்திக் காட்டுக்கு அலையாத்தி மீன்கொத்தி வருவதே குளிர்காலத்தில்தான். அது காப்பிடம், போகுமுன் அனுமதி கேளுங்கள். க்ளென்வுட் பக்கத்தில் பிஜன் வேலி என்ற காப்புக் காட்டில் புள்ளித் தரைப்பாடி என்ற பறவை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் கிடைக்கும். பூங்காக்களில் எண்ணும் முறை வேறு. சாட்ஸ்வர்த் சில்வர்க்ளென் போன்ற இடங்களில் நடந்துகொண்டே எண்ணாமல், குறைந்தது 200 மீட்டர் இடைவெளியில் நிற்குமிடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் வந்து இரண்டு நிமிடம் சும்மா நின்று அமைதியான பிறகு பத்து நிமிடம் எண்ணுங்கள். மரங்களுக்கிடையே கேட்பதுதான் அதிகம், பார்ப்பது குறைவு. விடிந்து மூன்று மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஜனவரியில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும், ஜூலையில் ஏழுக்குச் சற்று முன்னால். மைனாவையும் காகத்தையும் எழுதாமல் விடுவது பெரும் பிழை. மைனா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டர்பனில் கூண்டிலிருந்து தப்பிப் பரவியது, இந்தியாவின் வீட்டுக் காகம் கப்பலில் வந்து சேர்ந்தது. எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று தெரியாமல் அவற்றை எப்படிக் கட்டுப்படுத்துவது? வெண்கழுத்து நாரையையும் எழுதாமல் விடக் கூடாது. ஒரு காலத்தில் அரிதாக இருந்தது, இப்போது வீட்டுத் தோட்டத்தில் இறைச்சித் துண்டுக்கு வந்து நிற்கிறது. சாதாரணம் என்று இதை இன்று எழுதாமல் விட்டால் இந்த மாற்றமே பதிவில் இருக்காது.

பாதுகாப்பைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். தனியாகப் போகாதீர்கள். தொலைநோக்கியில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறவருக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. என் போன் போனதும் அப்படித்தான், இரண்டு பேர், ஒரு நொடி. அடி விழவில்லை, ஆனாலும் அந்த நடுக்கம் போக வெகுநாள் ஆனது, அன்றைய பட்டியலும் அதோடு போயிற்று. இரண்டு பேர் போனால் ஒருவர் எண்ணுவார், மற்றவர் எழுதிக்கொண்டே சுற்றிலும் பார்ப்பார். எண்ணிக்கையும் இரட்டிப்பு வேகத்தில் முடியும். ப்ளூ லகூனில் விடிகாலையில் தூண்டில் போடும் நம் பெரியவர்களிடம் முதல் நாளே போய்ப் பேசிவிடுங்கள். "தாத்தா, நான் பறவை எண்ண வந்திருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும். யார் சும்மா சுற்றுகிறார்கள், எந்தப் பக்கம் போகக் கூடாது, நேற்று எந்த மேட்டில் பறவை நின்றது என்று எல்லாம் அவர்களுக்குத் தெரியும். வார இறுதியில் பத்து மணிக்கு மேல் கார்களும் பாட்டுமாக அங்கே கூட்டம் சேர்ந்துவிடும், பறவைகள் எதிர்க்கரைக்கு ஒதுங்கிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். உடம்புக்கு வரும் ஆபத்துகளும் உண்டு. நம் குவாசுலு நேட்டால் மாகாணத்தின் நன்னீரில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் இருக்கிறது, வெள்ளத்துக்குப் பிறகு சாக்கடையும் கலக்கிறது, கம்பூட் என்ற உயரமான ரப்பர் காலணி இல்லாமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். புல்வெளியில் உண்ணிக் காய்ச்சலுக்குப் பயந்து கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். செத்த பறவையைத் தொடவே வேண்டாம். 2021இல் மேற்குக் கேப்பில் பறவைக் காய்ச்சல் நீர்க்காகங்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. படம் எடுத்து அரசு கால்நடை மருத்துவரிடம் சொல்வது மட்டும் போதும்.

பணம் எங்கே செலவழிக்க வேண்டும் என்றால், முதலில் 8×42 இருகண்ணோக்கி. நான்காயிரம், ஐந்தாயிரம் ராண்டுக்குள் நல்லதே கிடைக்கும். பூங்காவுக்கு அதுவே போதும். கழிமுகத்துக்கு 20–60 மடங்கு தொலைநோக்கி வேண்டும், அதை உடனே வாங்காமல் முதல் இரண்டு எண்ணிக்கைக்குப் பறவை சங்கத்தில் யாரிடமாவது இரவல் கேளுங்கள். முக்காலியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். லேசான மலிவு முக்காலி கடற்காற்றில் அதிர்ந்துகொண்டே இருக்கும், அதன்மேல் எவ்வளவு நல்ல கண்ணாடி வைத்தாலும் வீண். உப்பும் மணலும் புகுந்து கால்கள் இறுகிவிடும், ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பதிவுக்கு பேர்ட்லாஸர் என்ற இலவசச் செயலி இருக்கிறது, நேரத்தையும் இடத்தையும் தானே குறித்துக்கொள்ளும், சபாப் பட்டியலை அதிலிருந்தே அனுப்பலாம். அதற்கு முன் சபாப்பில் பதிவு செய்து பார்வையாளர் எண் வாங்கியிருக்க வேண்டும், கட்டணம் இல்லை. ஆனால் நீர்ப்பறவை எண்ணிக்கையைப் பென்சிலால் நோட்டில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரையும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். போன் போனாலும் நோட்டு இருக்கும், நோட்டு நனைந்தாலும் படம் இருக்கும். அன்று மாலையே படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். மூன்று நாள் தள்ளிப்போட்டால் ஓரத்தில் கிறுக்கியது சேர்ப்பதா கழிப்பதா என்பது எழுதியவருக்கே புரியாது. வழக்கமாக அங்கே இல்லாத இனத்தைப் போட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொண்டு சிலர் கோபித்துக்கொண்டு விலகிவிடுகிறார்கள். எல்லாருக்கும் வருவதுதான், படமோ குறிப்போ அனுப்பினால் முடிந்தது.

ஆள் சேர்ப்பதில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. கோடை எண்ணிக்கை வரும் சமயத்தில்தான் தைப்பூசக் காவடி, குளிர்கால எண்ணிக்கை முடியும் சமயத்தில் ஆடிக் கூழ். சனி ஞாயிறு கோயிலுக்கே சரியாகப் போய்விடும். ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியை விரித்து அமாவாசை, பௌர்ணமி, விழா நாள் மூன்றையும் பார்த்து எண்ணும் தேதியையும் மாற்றுத் தேதியையும் குறித்து, கூட வருகிறவருக்கு அப்போதே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் இடத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிவைத்துவிடுங்கள். பகுதிகளின் எல்லை அடையாளங்கள், எண்ணும் வரிசை, ஒவ்வொரு பகுதிக்கும் நிற்குமிடம், அட்டவணை வற்றத்துக்கும் உள்ளே தண்ணீர் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம், பறக்கிற பறவைக்கு நீங்கள் வைத்திருக்கும் விதி, அனுமதி கேட்க வேண்டிய இடம், கார் நிறுத்துமிடம். ஒரு பிரதி கூட எண்ணுகிறவரிடமும், ஒரு பிரதி அந்த இடத்துப் படிவங்களைத் தொகுப்பவரிடமும் இருக்கட்டும். ஏதாவது மாறினால், மணல்மேடு இடம் பெயர்ந்தாலோ ஒரு கரைக்கு வழி அடைபட்டாலோ, தேதி போட்டு அதிலேயே எழுதுங்கள், பழைய வரியை அழிக்காதீர்கள்.